பன்னிரண்டு துண்டாகக் கிழிந்த துணி

நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவியப் புராணத்தையும் வைக்கிங் கவிதைகளையும் வைத்து ஒரு சுவர்த்துணி செய்ய ஆசை, எம்பிராய்டரி ஓரளவு கைவரும், ஆனால் இணையத்தில் தேடினால் எட்டு முனைத் திசைகாட்டிக் குறி, கொம்பு வைத்த தலைக்கவசம், கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கும் மூன்று பெண்கள் என்று ஒரே மாதிரிப் படங்களாக வருகின்றன, இதில் எது அசல், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

படங்களைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். கவிதையிலிருந்து தொடங்குங்கள். தலைமைத் தெய்வம் ஓடின் எப்படி இருந்தார், இடித் தெய்வம் தோரின் சுத்தியல் என்ன வடிவம் என்று தேடிக்கொண்டிருந்தால் கடைசியில் போஸ்டர்தான் கிடைக்கும். அதே கவிதைகளில் யார் என்ன நெய்தார்கள், எதைத் தைத்தார்கள், அந்தத் துணி என்ன ஆயிற்று என்று தேடிப் பாருங்கள். நூலும் தறியும் அங்கே வரிக்கு வரி உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுவோம். திசைகாட்டிக் குறி 1860-இல் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ஹுல்த் என்ற கையெழுத்துப் பிரதியில் இருப்பது. வைக்கிங் காலம் முடிந்து எண்ணூறு வருடம் கழித்து. அழகாக இருக்கிறது என்று தைத்தால் தவறில்லை. வைக்கிங் என்று மட்டும் பெயர் எழுதாதீர்கள். கொம்புக் கவசத்தைப் போர்வீரர் தலையில் நிலைக்க வைத்தது 1876-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவுக்கு உடை வரைந்த டோப்ளர். இதில் ஒரு வேடிக்கை உண்டு, பின்னால் சொல்கிறேன். கத்தரிக்கோல் விஷயம் கிரேக்கர்களுடையது. நூலை அளந்து வெட்டுபவர்கள் அவர்களுடைய விதித் தெய்வங்கள். நார்ஸ் விதிப்பெண்களான நார்ன்கள் வெட்டுவதில்லை, முறுக்குகிறார்கள். அந்த வித்தியாசமே ஒரு துணிக்குப் போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1014 ஏப்ரல் 23, பெரிய வெள்ளிக்கிழமை. டப்ளின் பக்கத்தில் குளோன்டார்ஃப் என்ற இடத்தில் அயர்லாந்து மன்னர் பிரையன் போருவின் படைக்கும், டப்ளின் வைக்கிங்குகளும் அவர்களோடு சேர்ந்தவர்களும் அடங்கிய படைக்கும் பெரும் சண்டை. வைக்கிங்குகள் பக்கம், ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னித் தீவுகளின் பிரபு சிகுர்தும் வந்திருந்தார். பிரையனின் படை வென்றது. ஆனால் பிரையனும் செத்தார், சிகுர்தும் செத்தார். இந்த ஒரே சண்டையைச் சுற்றி இரண்டு துணிகள் இருக்கின்றன. நீங்கள் கேட்டதற்கு என் பதில் பெரும்பாலும் இந்த இரண்டு துணிகள்தான்.

முதல் துணி. ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுதப்பட்ட ந்யால் சாகாவில் வருகிறது (சாகா என்றால் பழைய உரைநடைக் கதை). சண்டை நடந்த அன்று காலை, ஸ்காட்லாந்தின் வடகோடியில் கெய்த்னஸில், தோருத் என்ற ஆள் வெளியே வருகிறான். பன்னிரண்டு பேர் குதிரையில் வந்து, பெண்கள் நெசவு செய்யும் குடிசை ஒன்றுக்குள் போய் மறைகிறார்கள். இவன் சந்து வழியாக எட்டிப் பார்க்கிறான். உள்ளே பெண்கள் தறி போட்டிருக்கிறார்கள். பாவு நூலைக் கீழே இழுத்துப் பிடிக்கும் எடைக்கற்களுக்குப் பதில் மனிதத் தலைகள். பாவும் ஊடையும் மனிதக் குடல். ஊடையை அடித்து இறுக்கும் கட்டைக்குப் பதில் வாள். இழை ஒதுக்கும் குச்சிக்குப் பதில் அம்பு. நெய்துகொண்டே பதினொரு பாட்டுப் பாடுகிறார்கள், யார் சாக வேண்டும், எந்த அரசன் பிழைக்க வேண்டும் என்று. இவர்கள் வால்கிரிகள், போரில் விழுபவரைத் தேர்ந்தெடுக்கும் ஓடினின் பெண்கள்.

பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அடி "விந்தும், விந்தும், வெஃப் தர்ரதர்". சுற்றுவோம், சுற்றுவோம், ஈட்டியின் நெசவை. 'வ'கரம் மோனையாக மூன்று முறை விழுவதைக் கவனியுங்கள். கட்டை அடிக்கும் தாளம் அது. (தோருத் என்று ஒரு ஆளே இருந்திருக்க மாட்டான், 'தர்ரதர்' என்ற சொல்லைப் பெயர் என்று நினைத்துச் சாகா எழுதியவர் ஒரு மனிதனை உண்டாக்கிவிட்டார் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.) முதல் பாட்டிலேயே துணியை 'தறிக்கட்டையின் மேகம்' என்கிறார்கள், அதிலிருந்து இரத்தம் மழையாகப் பெய்கிறது. ஒரு பொருளை நேராகச் சொல்லாமல் இரண்டு பொருளைக் கோர்த்துச் சொல்லும் இந்த முறைக்குக் கென்னிங் என்று பெயர். பெண்ணை 'லினனின் தெய்வம்' என்று சொல்வதும் இதே வகை.

இந்தப் பாட்டை நான் பல வருடம் வெறும் பயங்கரக் கற்பனையாகத்தான் படித்திருந்தேன். அந்தத் தறியைச் சின்ன அளவில் கட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அது நாம் அறிந்த கிடைத்தறி இல்லை. இரண்டு கம்புகளைச் சுவரில் சாய்த்து, மேலே ஒரு குறுக்குக் கட்டையில் பாவைத் தொங்கவிட்டு, கீழே நூல்களைக் கொத்துக் கொத்தாகக் கல்லிலோ சுட்ட மண் வளையத்திலோ கட்டிவிடுவார்கள். நின்றுகொண்டுதான் நெய்ய வேண்டும். துணி மேலிருந்து கீழே வளரும், ஊடையை மேல்நோக்கி அடிக்க வேண்டும். ஒரே எடையில் கல் கிடைக்காததால் நான் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் மணல் நிரப்பிக் கட்டினேன். முதல் நாள் இரண்டு முடிச்சு அவிழ்ந்து பாட்டில் காலில் விழுந்தது, அது தனிக்கதை. பாவு இழைகளைப் பிரிக்க விழுது கட்டிய கோலை முன்னால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் கீழே வரிசையாகத் தொங்கும் எடைகள் எல்லாம் ஆடி ஒன்றோடொன்று இடித்தன. அறை இருட்டாக இருந்தது. குனிந்து பார்த்தால் முழங்கால் உயரத்தில் உருண்டையாக ஒரு வரிசை, ஆடிக்கொண்டு. தலைகள் என்று ஏன் சொன்னார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம் அந்த வாள். ஊடையை அடிக்கும் கட்டையே அந்தக் காலத்தில் வாள் வடிவம்தான். இரும்பிலும் திமிங்கில எலும்பிலும் செய்தவை கிடைத்திருக்கின்றன. ஆக, இந்தப் பாட்டைக் கட்டியவருக்குத் தறி தெரியும். தலையும் குடலும் வாளும் ஒவ்வொன்றும் தறியில் அதற்குரிய இடத்திலேயே இருக்கிறது, ஒன்றுகூட இடம் மாறவில்லை.

பாட்டு முடிந்ததும் வால்கிரிகள் துணியைச் சட்டத்திலிருந்து இழுத்துக் கிழிக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் தன் கையில் சிக்கிய துண்டை வைத்துக்கொள்கிறாள். ஆறு பேர் தெற்கே, ஆறு பேர் வடக்கே குதிரையில் போய்விடுகிறார்கள்.

இரண்டாவது துணி சிகுர்தின் கொடி. ஓர்க்னிப் பிரபுக்களின் கதையான சாகாவில், அவருடைய தாய் மகனுக்காகத் தன் கைத்திறமை எல்லாம் காட்டிச் செய்த கொடி அது என்று வருகிறது. அதில் ஒரு அண்டங்காக்கை. காற்று அடித்தால் அது பறப்பதுபோல இருக்குமாம். யாருக்கு முன்னால் கொடி போகிறதோ அவனுக்கு வெற்றி, யார் தூக்குகிறானோ அவனுக்குச் சாவு. மகனுக்கு அம்மா தைத்துக் கொடுத்த பரிசு இது! குளோன்டார்ஃபில் கொடி தூக்கியவர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். அடுத்து தூக்கச் சொன்னால் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். உன் பிசாசை நீயே சுமந்துகொள் என்கிறான் ஒருவன். சிகுர்த் கொடியைக் கம்பிலிருந்து அவிழ்த்துத் தன் உடைக்குள் சுற்றிக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஈட்டி அவரைத் துளைக்கிறது. கொடியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நிற்கும் மனிதன் என்ற ஒரு காட்சியை யாராவது அப்ளிக்கில், அதாவது துணித் துண்டுகளை வெட்டி மேலே வைத்துத் தைக்கும் முறையில், செய்ய மாட்டார்களா என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

இவ்வளவு ரத்தம் வேண்டாம் என்றால் புராணக் கதைப்பெண் குத்ரூனிடம் போங்கள். கணவன் சிகுர்தை (இவன் பாம்பைக் கொன்ற புராண வீரன், மேலே சொன்ன பிரபு வேறு) தன் சொந்த அண்ணன் தம்பிகளே சதி செய்து கொன்ற பிறகு, அவள் டென்மார்க்குக்குப் போய் தோரா என்ற பெண்ணோடு ஏழு அரையாண்டுகள் தங்குகிறாள். எட்டா என்ற பழைய ஐஸ்லாந்துத் தொகுப்பின் பாடல்களில் ஒன்றில் அவளே இதைச் சொல்கிறாள். குத்ரூனின் மனம் ஆற தோரா பொன்னிழையில் தெற்கத்திய மாளிகைகளையும் டேனிஷ் அன்னங்களையும் தைத்தாளாம். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வீரர்களையும் சிவப்புக் கேடயங்களையும், சிக்மண்டின் கப்பல்கள் கரையை விட்டு வழுக்கிப் போவதையும் தைக்கிறார்கள். சிக்மண்ட், செத்துப்போன கணவனின் அப்பா. ஒரு துக்க வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே துணியின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து, செத்தவனின் குடும்பக் கதையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன படம் போட வேண்டும் என்பதைக் கவிதையே பட்டியலாகத் தருகிறது: மாளிகை, அன்னம், கேடயம், பொன் பூசிய கப்பல் முனை. இதற்கு மேல் வேறு டிசைன் புத்தகம் தேவையில்லை.

நார்ன்களைத்தான் செய்ய வேண்டும் என்றால் ஹெல்கி என்ற வீரன் பிறந்த இரவைப் பற்றிய பாட்டைப் படியுங்கள். இரவில் வருகிறார்கள், குழந்தையின் விதி நூலை வலிமையோடு முறுக்குகிறார்கள். பொன்னிழையை நிலவின் மாளிகைக்கு நடுவில், அதாவது வானத்தில், கட்டுகிறார்கள். ஒரு முனை கிழக்கில், ஒரு முனை மேற்கில்; இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் இவன் நாடு. ஒருத்தி மட்டும் ஒரு இழையை வடக்கே வீசி, என்றைக்கும் அறாமல் இருக்கச் சொல்கிறாள். இது உருவப்படம் இல்லை, நூல் மட்டுமே உள்ள நிலப்படம். பெண்களை வரையாமலே, கம்பளித் துணியில் ஒரு முறுக்கிய பொன்னூலை ஓரத்திலிருந்து ஓரம் பதித்துத் தைத்தாலே பாட்டு வந்துவிடும். உலகத்தின் தோற்றத்தையும் முடிவையும் பாடும் புகழ்பெற்ற வோலுஸ்பா பாட்டிலோ நார்ன்கள் மரத்தில் செதுக்குகிறார்கள். அங்கே நூலே கிடையாது.

இனி, அவர்கள் உண்மையில் செய்த துணிகள் எப்படி இருந்தன என்று பார்ப்போம். நார்வேயில் தோன்ஸ்பெர்க் அருகே ஓசெபர்க் என்ற பண்ணையில் 1904-இல் தோண்டியெடுத்த கப்பல் கல்லறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 834-இல் இரண்டு பெண்களைக் கப்பலோடு புதைத்திருந்தார்கள். கூடவே தறிச் சாமான்கள், பட்டுத் துண்டுகள், படம் நெய்த துணிகள். படத்துணியின் அகலம் 16 முதல் 23 சென்டிமீட்டர்தான். ஒரு சாண் அகலம்! அந்த ஒரு சாணுக்குள் வண்டிகள், குதிரைகள், ஈட்டி பிடித்தவர்கள், தரையில் புரளும் உடையில் பெண்கள் என்று ஒரு ஊர்வலமே போகிறது. ஒரு மரத்தில் மனிதர்கள் தொங்குகிறார்கள். ஓடினுக்குக் கொடுத்த பலி என்று பலர் பொருள் கொள்கிறார்கள். நான் சொன்ன வேடிக்கை இதுதான்: அதே துணியில் கொம்பு வைத்த தலையோடு ஒரு உருவமும் இருக்கிறது. போர்வீரன் கொம்புக் கவசம் போட்டதற்குச் சான்று இல்லை, ஆனால் சடங்கில் யாரோ கொம்பு வைத்திருந்திருக்கிறார்கள். எனவே நீங்கள் கொம்பு வைப்பதானால் ஊர்வலத்தில் வையுங்கள், போர்க்களத்தில் வேண்டாம்.

அந்தக் கல்லறையில் என் மனதை விட்டுப் போகாத பொருள் வேறு. 52 சிறு சதுரப் பலகைகள், நூல் கோர்த்தபடி, பாதியில் நிற்கும் ஒரு நாடாவோடு. பலகையின் மூலைக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு நூல். அடுக்கைக் கால் சுற்றுத் திருப்பினால் ஊடைக்கு வழி திறக்கும். அடுத்த திருப்பு இல்லாமல் ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறது.

சுவீடனில் ஓவர்ஹோக்டால் என்ற ஊரின் தேவாலயத்தில் 1909-இல் கிடைத்த துணிகள் இப்போது ஓஸ்டர்சுந்தில் யாம்ட்லி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லினன் மேல் கம்பளி. கூட்டம் கூட்டமாக விலங்குகள் ஓடுகின்றன, ஒரு மரம் நிற்கிறது, எட்டுக் கால் குதிரை ஒன்றும் உண்டு. எட்டுக் கால் என்றால் ஓடினின் ஸ்லைப்னிர், மரம் என்றால் உலகைத் தாங்கும் இக்ட்ராசில், அப்போது இது உலக முடிவான ரக்னரோக் என்று ஒரு தரப்பு. இல்லை, பைபிளின் கடைசி நாட்கள் என்று இன்னொரு தரப்பு. ஸ்கோக் என்ற ஊரில் 1912-இல் கிடைத்த துணியிலும் இதே கதை: ஒற்றைக் கண்ணோடு கோடாரி பிடித்தவர் ஓடின், சுத்தியல் பிடித்தவர் தோர், கதிர் பிடித்தவர் விளைச்சல் தெய்வம் ஃப்ரே என்று சிலர்; கிறிஸ்தவப் புனிதர்களான மூன்று வடநாட்டு அரசர்கள் என்று சிலர். சுவீடன் கிறிஸ்தவமாகி நெடுநாள் ஆன பின் நெய்த துணி என்பதால் நான் அரசர்கள் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் தைக்கிற ஆளுக்கு இந்தச் சண்டை ஒரு வரம். யார் என்று அடித்துச் சொல்ல முடியாத உருவத்தைத்தான் ஆயிரம் வருடம் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது. உங்கள் துணியிலும் எல்லாருக்கும் பெயர்ப்பலகை மாட்டாதீர்கள்.

இந்த நீளத் துணிகளை விருந்து நாட்களில் கூடத்தின் சுவரைச் சுற்றிக் கட்டுவார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஓர்க்னியின் இன்னொரு பிரபு ரோக்ன்வால்ட், கிறிஸ்துமஸ் சமயத்தில் அப்படிக் கட்டிய துணியைக் காட்டி அவையில் இருந்த கவிஞரிடம் ஒரு போட்டி வைக்கிறார்: அதில் இருக்கும் கிழவனைப் பற்றி நான் ஒரு பாட்டு முடிப்பதற்குள் நீயும் முடிக்க வேண்டும், என் சொல் ஒன்றுகூட உன் பாட்டில் வரக் கூடாது. பிரபுவின் பாட்டு இப்படிப் போகிறது: துணியில் நிற்கும் கிழவன் தோளிலிருந்து வாளைச் சரிய விடுகிறான், எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த வளைந்த கால்காரன் இதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கப் போவதில்லை. துணியில் தைத்த ஆளால் நகர முடியாது என்பதை வைத்து அடித்த கிண்டல். இப்போது நீங்கள் அந்தப் பாட்டை வைத்து அந்தக் கிழவனைத் திரும்பத் தைக்கலாம். மூலத் துணி போய்விட்டது, பாட்டு மட்டும்தான் மிச்சம்.

தையலுக்கு வருகிறேன். உங்களுக்கு எம்பிராய்டரி தெரியும் என்பதால் ஐஸ்லாந்தில் ரெஃபில்சௌமுர் என்று சொல்லும் முறையைப் பரிந்துரைக்கிறேன். பேயோ துணி என்று பிரபலமான, கிட்டத்தட்ட 70 மீட்டர் நீள 11-ஆம் நூற்றாண்டுத் துணியில் இருப்பதும் இதே தையல். முதலில் உருவத்தின் ஓரத்தைத் தண்டுத் தையலில் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே கம்பளி நூலை நெருக்கமாக, நீளமாகப் படுக்கவைத்து நிரப்ப வேண்டும். அதன் மேல் குறுக்கே இடைவெளி விட்டு நூல் ஓட்டி, அந்தக் குறுக்கு நூலைச் சின்னச் சின்னத் தையலால் பிடித்துவிட வேண்டும். நூல் பெரும்பாலும் முன்பக்கமே நிற்பதால் வீணாகாது. பெரிய பரப்பு சீக்கிரம் நிரம்பும். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், நீலத்துக்கு வோடு இலை, மஞ்சளுக்கு வெல்டு செடி என்பது பழைய கணக்கு. கடையில் வாங்கும் நூலிலும் இந்த மூன்றையும் இவற்றின் கலப்பையும் தாண்டாமல் இருந்தால் போதும். கறுப்புப் பின்னணியில் வெள்ளிக் கோடு வேண்டவே வேண்டாம், அது சட்டைக் கடை வைக்கிங்.

இந்தத் தையலில் இக்காலத்தில் செய்த பெரிய வேலை ஐஸ்லாந்தின் ஹ்வோல்ஸ்வோல்லூரில் நடந்தது. ந்யால் சாகா முழுவதையும் 90 மீட்டர் நீள லினனில், ஐஸ்லாந்துக் கம்பளி நூலால் தைத்தார்கள். 2013-இல் தொடங்கி 2020-இல் முடித்தார்கள். படங்களை வரைந்தவர் கிறிஸ்டின் ராக்னா குன்னார்ஸ்தோத்திர். ஊர்க்காரர்களும் வழியில் வந்த பயணிகளும் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் தைத்திருக்கிறார்கள்.

நீங்கள் தொண்ணூறு மீட்டர் போக வேண்டாம். என்னைக் கேட்டால், ஒரு சாண் அகலத்தில் மூன்று மீட்டர் லினன் எடுங்கள். உருவங்கள் எல்லாம் பக்கவாட்டில், ஒரே திசையில் போகட்டும். நடுநாயகமாக யாரையும் நிறுத்தாதீர்கள், ஊர்வலத்துக்கு நடு என்று ஒன்று கிடையாது. குடிசைக்குப் போகும் பன்னிரண்டு குதிரைகள், தறி, கீழே தொங்கும் எடைகள், தூரத்தில் காக்கைக் கொடி என்று தைத்து முடியுங்கள். தறியின் பாவு நூல்களை மட்டும் குறுக்குத் தையலால் பிடிக்காமல் தொங்க விடுங்கள்.

முடித்த பிறகு அதைப் பன்னிரண்டாகக் கிழியுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கத்தரி ஓட்டாதீர்கள், ஓரத்தில் சின்ன வெட்டு வைத்துக் கையால் இழுத்தால் லினன் இழையோடு நேராகக் கிழியும். கிழியும் கோடு எங்கே என்று முன்பே ஒரு ஓட்டுத் தையலால் குறித்து, அதன் இரண்டு பக்கமும் கம்பளியை நன்றாக முடிச்சிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் குதிரை பாதியில் பிரிந்து போகும். ஆறு துண்டைத் தெற்குச் சுவரிலும் ஆறு துண்டை வடக்குச் சுவரிலும் மாட்டுங்கள். பார்க்க வருபவர் ஒரு முறையாவது திரும்பி நடக்க வேண்டியிருக்கும்.